சடங்கு முடியும்வரை தடை

போர் முடிந்த வருடம். மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கப் படகுக்குக் காத்து நின்றோம். எனக்கு முன்னால் இருவர். ஒருவர் ஏதோவோர் ஊர்க் கால்பந்துக் கழகத்தின் செயலாளர்; மற்றவர் அவருடைய ஊர்க்காரர். செயலாளர்தான் பேச்சைத் தொடங்கினார்.

“அவனச் சும்மா விடல்ல மச்சான். கடுமையான தண்டனை குடுத்திட்டம்.”

“ஆர், அந்த முஸ்லிம் கோல்கீப்பரப் பார்த்து மைதானமே கேக்கக் கத்தினவனுக்கா?”

“ஓம்.”

கத்திய சொல்லையும் இருவரும் கூசாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். நான் எழுதப்போவதில்லை.

மற்றவர் சொன்னார்: “சுனாமி அண்டைக்கு அவனும் நாமளும் ஓடிப்போய்ச் சோறு திண்டது அந்தக் கீப்பர்ட ஊர்ப் பள்ளிவாசல்லதானே. அண்டைக்கு வாய்க்குள்ள சோறு கிடந்தபடியா கத்தேலாமப் போயிருக்கும்.”

“அதுக்குத்தான் தண்டனை. அம்மன் கோயில் வருசச் சடங்கு தொடங்கி முடியுமட்டும் பந்தத் தொடேலா.”

“சடங்கு நாளில நம்மட ஊரில ஒருத்தரும் பந்து விளையாடுறல்லையே?”

“பின்ன? மற்ற நாளில அவன நிப்பாட்டினா ஆர் கோல் அடிக்கிற?”

“அவன் என்ன சொன்னான்?”

“நல்லாக் கோவிச்சிட்டான். சமாதானப்படுத்தக் கெப்டன் ஆக்கியிருக்கம்.”

“நல்லது. இன்னொருக்காக் கத்தினா உன்ட செயலாளர் பதவியையும் குடு.”

செயலாளர் சிரிக்கவில்லை. படகு வந்து சேரும்வரை, கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டே நின்றார்.