ஃபினாயில் போட்ட ஆயுத பூஜை

நம்ம அபார்ட்மெண்ட் விருந்துக்கு வந்தவங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் பந்திக்குப் போங்க... பிரியாணி வாசம் எனக்கும்தான் வருது.

தூத்துக்குடிப் பக்கம் தங்கமாரியப்பன்னு ஒரு அண்ணாச்சி. மீன் கழிவை வேகவச்சு அரைச்சு, கோழித் தீவனம் பண்ற கம்பெனி வச்சிருந்தாரு. நாத்தம்னா நாத்தம்... அந்த ஊருக்குப் பொண்ணு பாக்க வந்தவன் காரை விட்டே இறங்காமத் திரும்பிப் போயிட்டான். ஊர் கூடிச் சொல்லிடுச்சு: "இனி ஒருநாள் நாறினா கேட்டுக்குப் பூட்டு."

அண்ணாச்சி பயந்துபோய் ரெஜினான்னு ஒரு இன்ஜினியர் பொண்ணைக் கூட்டிட்டு வந்தாரு. அந்தப் பொண்ணு பெரிய தொட்டி கட்டி, தேங்காய் நாரும் மக்கின குப்பையும் நிரப்பி, கம்பெனிக் காத்தை அடியிலேருந்து அது வழியா விட்டுச்சு. "அண்ணாச்சி, இதுக்குள்ள கோடிக்கணக்குல கிருமி இருக்கு. நாத்தம்தான் அதுக்குச் சாப்பாடு. தண்ணி மட்டும் தெளிங்க, வேற எதுவும் செய்யாதீங்க."

நாத்தம் போச்சு. ஊர் நல்லா மூச்சு விட்டுச்சு.

வந்துச்சு ஆயுத பூஜை... நம்மாளுக்கு ஆயுத பூஜைன்னா சும்மாவா? ஸ்பேனரைக் கழுவுவான், லாரியைக் கழுவுவான், பக்கத்துல எவனாவது அசந்து நின்னா அவனுக்கும் பொட்டு வச்சிருவான். அண்ணாச்சி தொட்டியை எட்டிப் பாத்தாரு. கறுப்பா, கொழகொழன்னு... "சீச்சீ, சரஸ்வதி வர்ற இடமா இது?" பத்து கேன் ஃபினாயில். ஊத்து ஊத்துன்னு ஊத்தி, சந்தனம் தடவி, வாழைக்கன்னு கட்டி, பூசணிக்காய் உடைச்சுக் கும்பிட்டாரு.

மறுநாள் மெஷினை ஓட்டுனாங்க. மத்தியானத்துக்குள்ள ஊரே மூக்கைப் பொத்திக்கிட்டு வந்து கேட்டைப் பூட்டிடுச்சு.

ரெஜினா ஓடி வந்து தொட்டியை மோந்து பாத்துச்சு. "கொன்னுட்டுக் கும்பிட்டிருக்கீங்க, அண்ணாச்சி."

"அழுக்கா இருந்துச்சேம்மா..."

"அது யார் அழுக்கு? உங்க அழுக்கைத்தானே தின்னுச்சு?"

திரும்பக் கிருமி வளர ஒரு மாசம் ஆச்சு. அந்த ஒரு மாசமும் அண்ணாச்சி தினம் போய், பயபக்தியா சாணித்தண்ணி தெளிச்சு, தொட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டாராம்.

சிரிக்கிறீங்க. நல்லா சிரிங்க... நம்ம அபார்ட்மெண்ட் லிஃப்ட்டுல போன வாரம் ஒரு போர்டு மாட்டினோமே, "துப்புரவுப் பணியாளர்கள் படியில் செல்லவும்"னு... அது யார் யோசனை? நம்ம குப்பை அள்ற கோமதியக்கா நாலு மாடிக் குப்பையைத் தலையில வச்சுப் படியில இறங்குறாங்க. அது யார் வீட்டு நாத்தம்? அவங்க பத்து நாள் வரலைன்னா இந்தப் பிரியாணி வாசம் உங்க மூக்குக்குத் தெரியுமா?

'மனுஷியைக் கிருமியோட சேத்துப் பேசுறான்'னு கோபம் வருதா? வரட்டும். அண்ணாச்சி கிருமிகிட்டயே மன்னிப்புக் கேட்டாரு... நாம கோமதியக்காகிட்ட எப்பக் கேக்கப் போறோம்?

முதல்ல போர்டு. அப்புறம் பந்தி. ஸ்க்ரூ டிரைவர் என் பையில இருக்கு... ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சதுதான்.