அடைக்காத வளை

பெருச்சாளியை எலி என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். எலி ஒளிந்து பிழைக்கும். பெருச்சாளி குடும்பம் நடத்தும். வளை வாயில் சலித்துக் கொட்டியதுபோல் புது மண் குவிந்து, உள்ளே ஒரு சொம்பு நுழையும் அகலம் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

எங்கள் தோட்டத்தில் இந்தத் தொல்லை தொடங்கிய சமயத்தில்தான் என் தங்கையும் வந்தாள். புருஷனோடு ஒத்துப்போகவில்லை என்று ஒரு பெட்டியோடு வாசலில் நின்றாள். தோட்டத்துக் கோடியில் தனியாக நிற்கும் பழைய அறையைப் பெருக்கி, புதுத் தலையணை உறை போட்டுக் கொடுத்தவள் நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார்.

சாப்பிடும்போது என் கணவரிடம் அவள்தான் பேச்சை எடுத்தாள்.

“அத்தான், என் ரூமுக்குக் கீழ யாரோ வீடு கட்டுறாங்க.”

“சும்மா விடாத. வாடகையக் கேளு.”

“கேட்டேன். அட்வான்ஸா என் செருப்பக் கடிச்சு வச்சிருக்காங்க.”

அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் பேச்சுக்கு அவருக்குப் புரையேறியதில்லை.

மறுநாளே வேலையில் இறங்கினேன். சாயங்காலம் எல்லா வளை வாயிலும் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணிக்க வேண்டும். காலையில் எங்கே தாள் வெளியே தள்ளப்பட்டிருக்கிறதோ, அங்கே ஆள் இருக்கிறது. கொத்தனாரை வரவழைத்து, கண்ணாடிச் சில்லும் ஜல்லியும் போட்டு, சிமென்ட் பூசி ஒவ்வொன்றாக அடைத்தோம். கொய்யா மரத்தடி, தண்ணீர்த் தொட்டியோரம், துவைக்கும் கல்லுக்குப் பின்னால். தங்கையின் அறைச் சுவரோரம் இருந்ததை மட்டும் விடச் சொன்னேன். கொத்தனார் உங்களிடம் சொன்னது உண்மைதான்.

“இதையும் அடைச்சிடலாம்மா. அஸ்திவாரத்துக்குக் கீழ போகுது. மண்சுவர் வேற.”

“அது காலி வளைங்க. வச்ச தாள் வச்சபடி இருக்கு.”

தாள் தினமும் வெளியேதான் கிடந்தது. யாரும் எழுந்திருக்கும் முன் நான் பொறுக்கிவிடுவேன். போக்கிடம் இல்லாத பிராணிகள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. குவிந்த மண்ணை வாரி ரோஜாத் தொட்டிகளில் போட்டேன். நல்ல மண்.

அறை புழுங்குகிறது என்று தங்கை சொன்னபோது, கட்டிலை அந்தச் சுவரோரமாகப் போடச் சொன்னேன். ஜன்னல் காற்று வரும். ஒரு பக்கம் நானே பிடித்தேன்.

“நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்க்கா” என்றாள்.

அவளுக்கும் என் கணவருக்கும் இடையில் ஏதாவது இருந்ததா என்று கேட்கிறீர்கள். குசுகுசுவென்று பேசுவார்கள். நான் வந்ததும் நிறுத்துவார்கள். அதற்கு மேல் ஒரு மனைவிக்கு என்ன தெரிய வேண்டும்?

பிறகு மழை பிடித்துக்கொண்டது. அன்று மத்தியானம் தங்கை சமையலறைக்கு வந்து என்னைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

“வேலை கிடைச்சிருச்சுக்கா. வெளியூர்ல. அடுத்த வாரம் கிளம்பறேன். அத்தான்தான் அலைஞ்சு வாங்கிக் குடுத்தார். கையில கிடைக்கிற வரைக்கும் உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். கிடைக்காமப் போனா நீ தாங்க மாட்டே.”

“நல்லது” என்றேன்.

கொஞ்சம் படுக்கிறேன் என்று அறைக்குப் போனாள்.

கூப்பிட்டிருக்கலாம். முன்னறையில் படு என்று ஒரு வார்த்தை. அந்தச் சுவரில் விரல் நுழையும் விரிசலைக் காலையில்தான் பார்த்திருந்தேன். ஆனால் மழை வலுத்திருந்தது, குடை கிடைக்கவில்லை, பால் வேறு பொங்க இருந்தது. தவிர, நான் இத்தனை நாள் விழுங்கியதை ஒரு நல்ல செய்தி சரிசெய்துவிடுமா?

சத்தம் பெரிதாக இல்லை. யாரோ மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. பாலை இறக்கிவிட்டுத்தான் போனேன். சுவர் முழுக்கக் கட்டிலின் மேல் கிடந்தது.

கூடப் பிறந்தவளுக்கே குழி பறித்தேன் என்று என் கணவர் சொன்னாராம். துக்கத்தில் பேசுகிறார். மண்வெட்டியை நான் தொட்டதே இல்லை. தோண்டியதெல்லாம் பெருச்சாளி. நான் ஒரு வளையை அடைக்கவில்லை, கட்டிலை நகர்த்தினேன், அவளைக் கூப்பிடவில்லை. அவ்வளவுதான்.

அந்த வளையையும் மறுநாளே அடைத்துவிட்டேன். வீட்டில் யாருக்கும் ஆபத்து வந்துவிடக் கூடாதில்லையா?