பத்தியமில்லாத மருந்து

— பத்தியம் ஒண்டுமே இல்லண்டா? திரும்பச் செல்லுங்க, அம்பிகைபாகன் ஐயா.

— ஒண்டுமில்லையாம், மக்கீன் நானா. நண்டு, கத்தரிக்காய், கருவாடு, எதையும் தின்னலாமாம். நண்டு தின்னச் சொன்ன வைத்தியரை இண்டைக்குத்தான் கண்டன். மனிசி மங்களேஸ்வரியைச் சந்தைக்கு அனுப்பிப்போட்டு நேர உங்கட மருந்துக் கடைக்கு வாறன்.

— என்ன வருத்தத்துக்குப் போன நீங்க?

— தும்மல். அரசாங்கக் கச்சேரியில பழைய பைல் ஒண்டைத் திறந்தனெண்டால், பின்னேரம் மட்டும் தும்மல்.

— தும்மலுக்கா மடுல்கெல்ல வைத்தியர் சஞ்சீவி வாங்கச் சென்ன?

— ஓம். நாடியைப் பிடிச்சவர், கனநேரம் கையை விடேல்லை. பிறகு தானே எழும்பிக் கதவைத் திறந்துவிட்டவர். காசும் வேண்டாமெண்டிட்டார்.

— காசும் எடுக்கல்லயா!

— ஏன் முழிக்கிறியள்? சஞ்சீவி எண்டால் சகல நோயும் தீர்க்கிறது. செத்தவனையும் எழுப்பிறது. பழைய சொல்லு, நானா.

— அது நீங்க படிச்ச எடத்தில. வைத்தியர்மாருக்கும் எங்களுக்கும் நடுவில வேற வழக்கம் ஈக்கி. நோயாளிட மொகத்தப் பாத்து, "இனி ஒண்டும் செய்யேலா"ண்டு செல்ல வாய் வராதே. அதால சஞ்சீவிண்டு செல்லுவாங்க. நாங்க சுக்கும் சீனியும் இடிச்சுக் கட்டிக் குடுப்போம். பத்தியமில்ல. ஆசப்பட்டதத் தின்னட்டும்.

— எனக்குத் தும்மல், நானா!

— கத்தாதீங்க. அந்தக் கதிரையில இரிங்க. காலையில விமலநாதன் மாஸ்டர் வந்த, சேத்துப்புண். பொறகு கந்தையா, காதுக்குள்ள இரைச்சல். கமலம் டீச்சருக்கு ஒரு நோயுமில்ல, மாமிக்குத் தைலம் கேக்கப் போன. எல்லாருக்கும் சஞ்சீவி. கடையில சுக்கு முடியப்போகுது, அதால இஞ்சியையும் வெயில்ல போட்டீக்கன்.

— வைத்தியருக்கு மூளை பிசகிப்போச்சு.

— எழுபத்தேழில நானும் அப்பிடித்தான் நெனச்ச. அப்பவும் இப்பிடி ஒரு கெழம, நல்ல சொகமான தமிழ் மனிசருக்கெல்லாம் சஞ்சீவி. ஹுன்னஸ்கிரிய ரோட்டில லாண்டரி வெச்சிருந்த ராசமணி, பகிடியெண்டு சிரிச்சிச் சிரிச்சி வாங்கிட்டுப் போன. கலவரம் முடிஞ்சி உடுப்பு எடுக்கப் போனவங்க, ராசமணிட இஸ்திரிப்பெட்டிய மட்டுந்தான் கண்ட.

— கொழும்பில நேற்றுக் கடையள் எரிஞ்சதெண்டு கச்சேரிக் கந்தோரில கதைச்சவை. கண்டிக்கு வராதாம்.

— ஆர் சென்ன?

— எல்லாரும்தான். மெதுவாச் சொன்னவை.

— ரேடியோ?

— பாட்டுப் போடுது.

— அப்ப இப்பவே போய் மங்களேஸ்வரியக் கூட்டி வாங்க. எங்கட ஊட்டில மேலறை சும்மாத்தான் ஈக்கி. பொஞ்சாதி ஹவ்வா உம்மாட்ட நான் செல்றன்.

— தும்மலுக்கு வீட்டைப் பூட்டிப்போட்டு ஓடுறதோ? ஊர் சிரிக்கும்.

— சிரிக்கட்டும். நண்டையும் கொண்டு வாங்க, ஹவ்வா உம்மா நல்லா ஆக்குவா.

— நானா... அவர் பிடிச்ச கை இன்னும் குளிருது. என்ர மற்றக் கையையும் பிடிச்சுப் பாருங்கோ.

— காட்டுங்க... யா அல்லாஹ்! ஐஸ்போல. கையப் பொத்திக்கிட்டுப் போங்க. வழியில ஒருத்தரோடயும் நிண்டு கதைக்க வாணாம்.

— சரி, வாறம். இருட்ட முதல் வந்திடுவம். உங்கட வீடெண்டால் பயமில்லை. ஆர் அங்க வந்து தேடப்போறாங்கள்?

— எங்கட முஸ்லிம் ஆக்கள்ட பக்கம் ஒருத்தனும் வரமாட்டான். நான் பொறுப்பு. இந்தாங்க, இதையும் வெச்சிக்கங்க. சுக்குத்தானே, தொண்டைக்கு நல்லம்.

— இன்னொரு கட்டும் தாங்கோ.

— மங்களேஸ்வரிக்கா?

— இல்லை. வைத்தியர் ரெண்டு கட்டு வாங்கச் சொன்னவர். மற்றது, கட்டித் தாறவருக்காம்.