குண்டுகள் சந்திக்கும் தூரம்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. தம்பிக்குக் கலக்கிக் கலக்கிக் கை பழகிவிட்டது. குடிக்க முடியாவிட்டால் வைத்துவிடுங்கள், வேறு போட்டுத் தருகிறேன்.

உங்களைக் கேப்டன் என்றே கூப்பிடுகிறேன். கம்ப்யூட்டரில் உங்களோடு விமானச் சண்டை விளையாடும்போது அவன் அப்படித்தான் சொல்வான். இத்தனை வருடம் உங்கள் குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். லிஃப்ட் ரிப்பேர் செய்பவர் என்று சொல்லியிருக்கிறான். ஒல்லியான ஆளாக இருப்பீர்கள் என்று ஏனோ நினைத்திருந்தேன்.

உங்கள் செல்போனில் காட்டினீர்களே, அந்த வீடியோவை இன்னொரு முறை போட வேண்டாம். எனக்குப் புரிந்துவிட்டது. எதிரி விமானம் குறிக்கு நடுவில் அசையாமல் இருக்கிறது. தம்பி சுடுகிறான். குண்டுகள் இரண்டு பக்கமும் பிரிந்து, சற்று மேலே தூக்கி, அதைத் தொடாமல் போகின்றன. ஒவ்வொரு தடவையும் அப்படியே. "மைனா குறி தப்பவே இல்லைக்கா. அப்புறம் ஏன் விழலை?" என்று கேட்டீர்கள். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். அவன் துப்பாக்கிக்கு வைத்திருந்த எண்ணை நான்தான் மாற்றினேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். அவனுக்குத் தசை கரையும் நோய். முதலில் கால், பிறகு தோள், கழுத்து. அப்பா அம்மா போன பிறகு நான்தான் எல்லாம். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை எனக்கு. மதியம் ஓடி வந்து சோறு ஊட்டிவிட்டு ஓடுவேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அவன் என் தம்பி இல்லை, உங்கள் மைனா. சக்கர நாற்காலியின் கைப்பிடியில் விமானத்தை ஓட்டுகிற ஜாய்ஸ்டிக் குச்சியைத் திருகி மாட்டி, அதன்மேல் அவன் வலது கையை எடுத்து வைப்பேன். விரலும் மணிக்கட்டும் மட்டும் அவனுடையதாக மிஞ்சியிருந்தன. அதை வைத்துக்கொண்டு உங்கள் எல்லோரையும் விட அதிகம் வீழ்த்தினான்.

விசைப்பலகை வேலை என்னுடையது. அந்தக் காலத்துச் சண்டை விமானங்களுக்கு இரண்டு இறக்கையிலும் துப்பாக்கி என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான். இரண்டையும் உள்பக்கம் கொஞ்சம் திருப்பி, இத்தனை மீட்டரில் குண்டுகள் ஒன்று சேர வேண்டும் என்று முன்கூட்டியே வைக்க வேண்டுமாம். அவனால் கை தூக்க முடியாது. என் கைகளை நீட்டச் சொல்லி, விரல் நுனிகளைச் சேர்க்கச் சொன்னான். "இந்த இடத்துலதான்க்கா குத்து விழும். இதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வெறும் சத்தம்தான்." அவனுடைய தூரம் இருநூறு. மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி போய்த்தான் சுடுவான். அவனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் முன்பே நான் எல்லாவற்றையும் வைத்துவிடுவேன். அவன் வந்து உட்காரும்போது விமானம் ஓடுதளத்தில் நிற்கும். அந்த எண் இருக்கும் பக்கத்தை அவன் பார்ப்பதே இல்லை.

போன வருடம் மூச்சு குறைந்தது. டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். தொண்டையில் ஓட்டை போட்டு மூச்சு மெஷின் மாட்டலாம், மாட்டுவதும் மாட்டாததும் அவன் விருப்பம் என்றார். தம்பி சிரித்தான்.

"சுட முடியற வரைக்கும் எந்த மெஷின்னாலும் மாட்டுங்க சார். அது போயிடுச்சுன்னா என்னை விட்டுடுங்க."

டாக்டரும் சிரித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். குழாயில் சளி கட்டும், அடிக்கடி உறிஞ்சி எடுக்க வேண்டும், ராத்திரியும் பகலும் ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றார். எத்தனை காலத்துக்கு என்று கேட்டேன்.

"நல்லா பார்த்துக்கிட்டா பத்து வருஷம்கூட இருப்பார்மா."

நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, இருநூறில் இருந்த இரண்டை எடுத்துவிட்டு எட்டைப் போட்டேன். அப்போது என் மனதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவன் எதற்கும் ஆசைப்படாமல் இருந்தால் அவனுக்கே நல்லது என்று தோன்றியது, அவ்வளவுதான். அடுத்த வாரம் திருப்பி வைத்துவிடலாம் என்றும் இருந்தேன்.

நீங்களும் கூட இருந்தீர்கள். வழக்கம்போல் ஒட்டிப் போய்ச் சுட்டான். ஒன்றும் விழவில்லை. அன்று சிரித்துக்கொண்டான். அடுத்த வாரம் சிரிக்கவில்லை. அதற்கடுத்த முறை கட்டிலில் படுத்தபடியே கேட்டான்.

"அக்கா, அந்த நம்பரை ஒரு தடவை பாரேன்."

திரைக்கு முன்னால்தான் நின்றிருந்தேன். எண்ணூறு என்று தெளிவாக இருந்தது.

"இருநூறுதான்டா," என்றேன்.

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்போ கைதான்," என்றான்.

அவனை நாற்காலிக்கு மாற்றியபின் திரையைத் திருப்பிக் காட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் பார்த்தேன் என்றால் அவன் பார்த்த மாதிரி.

உங்களைக் குறை சொல்ல மாட்டேன். "மைனா, நீ சுட வேண்டாம், மேல நின்னு யார் வர்றான்னு சொல்லு, அது போதும்," என்று நீங்கள் பாசத்தோடுதான் சொன்னீர்கள். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. ஸ்பூனை வாயருகே கொண்டுபோனேன், தலையை மெல்லத் திருப்பிக்கொண்டான். இதைச் சொல்லி உங்களை வருத்தப்படுத்த நினைக்கவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் ஒருத்தி உண்டு. அவன் மூச்சு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கண்ணயர்ந்திருந்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள். பிடிமானம் போன வருடம் இருந்த அளவிலேயே நிற்கிறதாம், விரல்கள் கெட்டியாக இருக்கின்றனவாம், அவன் எழுந்ததும் சொல்லச் சொன்னாள், தெம்பாக இருக்கும் என்றாள். சொல்கிறேன் என்றேன். அன்று துவைக்க நிறையத் துணி கிடந்தது.

பிறகு மூச்சு மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கேட்டார்கள். மெஷின் வேண்டாம் என்றான். டாக்டர் இன்னொரு தடவை யோசிக்கச் சொன்னார். அவன் என்னைத்தான் பார்த்தான்.

"கை போயிடுச்சு சார். அக்காவுக்குத் தெரியும்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் அவன் வாயோரத்தைத் துடைத்துவிட்டேன். அவன் முடிவுதான் என் முடிவும் என்றேன். வெளியே வந்ததும் நர்ஸ் என் தோளைத் தொட்டு, பெற்றவள்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்றாள். அவன் காரியத்துக்கு வந்தவர்களும் அதையே சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

நான் அவனை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை கேப்டன். முதுகில் ஒரு புண் வர விட்டதில்லை. ராத்திரி எத்தனை முறை கூப்பிட்டாலும் எழுந்து திருப்பிப் படுக்க வைப்பேன். கொஞ்சம் தூங்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அது தப்பா என்று தெரியவில்லை. இப்போது நன்றாகத் தூங்குகிறேன். யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்து விழிப்பேன், பிறகு தூங்கிவிடுவேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் செல்போனில் இருப்பது அந்த நாள்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். ஒரே ஒரு தடவை எல்லோரோடும் பறந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன் என்றான். விமானத்தைத் தயார் செய்தேன். எண்ணூறு இருந்தது. திருப்பி வைத்துவிடலாம் என்று விசைப்பலகையில் இரண்டின் மேல் விரலை வைத்தேன். அன்றைக்காவது அவன் சந்தோஷப்படட்டும் என்று எனக்கும் இருந்தது. ஆனால் வைத்தால் வீழ்த்திவிடுவான். வீழ்த்திவிட்டால் மெஷின் வேண்டும் என்று சொல்லிவிடுவான். விரலை எடுத்துவிட்டுப் போய் அவனைத் தூக்கி உட்கார வைத்தேன்.

அன்று எவ்வளவு கிட்டப் போனான் என்று நீங்களே பார்த்தீர்கள். எதிரிகள் மூன்று பேருக்குப் பின்னால் போனான். மூன்று பேரும் தப்பிப் போய்விட்டார்கள். உங்களிடம் விடைபெற்றுக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே இருந்தான்.

"கையை எடுத்துடுக்கா," என்றான்.

குச்சியிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிடி இறுக்கமாக இருந்தது. நான் பலம் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது.