லேசா ஒரு டச்

தன்னோட ஆதார் கார்டு போட்டோ புடிச்சிருக்குன்னு சொன்ன ஒரு ஆளக்கூட நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.

கேம்ப் ரோட்டுல பத்தொம்போது வருஷமா கடை வெச்சிருக்கேன். போட்டோ, ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன்ல எந்த விண்ணப்பம்னாலும் பண்ணித் தருவேன். நம்ம காலனி குரூப்ல பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். தெரியாதவங்களுக்கு, என் பேரு லோகநாதன். சாவித்ரி டீச்சர் விஷயத்துல நாலு நாளா குரூப்ல ஆளுக்கு ஒண்ணு எழுதறீங்க. ஆட்டோ ஓட்டற தீனாவ போலீஸ் புடிச்சு வெச்சிருக்கு. எல்லாருக்கும் அவன் மேலதான் கோவம். அவன் ஒண்ணும் பண்ணல. அவன் வெளிய வரணும்னுதான் இந்த போஸ்ட். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுமையா படிங்க.

மொதல்ல என் தொழிலப் பத்தி சொல்லிடறேன், அப்பதான் புரியும். முன்னாடியெல்லாம் ஒரு போட்டோவ சரி பண்ண அரை மணி நேரம் ஆவும். பருவை ஒவ்வொண்ணா எடுக்கணும். ரெண்டு வருஷமா ஏஐ வந்துடுச்சு. பத்து செகண்டுல முடிஞ்சுடுது. எவ்ளோ மாத்தணும்னு பூஜ்யத்துலேர்ந்து நூறு வரைக்கும் ஒரு கோடு இருக்கும், அத இழுத்து வெக்கணும். நான் எப்பவும் அறுபதுல வெப்பேன். நூறுல வெச்சா ஆளே மாறிடும். அது ஏமாத்து வேலை, எனக்கு அதுல இஷ்டம் இல்ல.

திருமுடிவாக்கம் எஸ்டேட்லேர்ந்து வெல்டிங் பண்றவங்க நெறைய பேர் வருவாங்க. முகமெல்லாம் பொறி தெறிச்ச தழும்பு, கண்ணு எப்பவும் செவந்தே இருக்கும். கம்பெனி கார்டுல அவங்க முகம் பளிச்னு வந்தவுடனே ஒரு பார்வை பாப்பாங்க பாருங்க, அதுக்காகவே இந்தத் தொழில் பண்ணலாம். சுப்பராயலு சார்னு ஒருத்தர். பேங்க்ல "போட்டோல இருக்கறது நீங்க இல்லயே"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நேரா கடைக்கு வந்தாரு. திட்டப் போறாருன்னு நெனச்சேன். "பேங்க்காரனுக்குப் பொறாம லோகு. இன்னும் எட்டு காப்பி போடு"ன்னாரு.

ஜனங்களுக்கு இது வேண்டியிருக்கு. நானா யார் மேலயும் திணிக்கல.

சாவித்ரி டீச்சர் சேலையூர்ல கணக்கு டீச்சரா இருந்து ரிடையர் ஆனவங்க. என் பொண்ணு தமிழினிக்கு ரெண்டு வருஷம் அவங்கதான் கணக்கு எடுத்தாங்க. எழுபத்தொரு வயசு. மூணு வருஷமா ஞாபக மறதி. பேரு மறந்துடும், வீடு மறந்துடும். கதவு தெறந்திருந்தா ஸ்கூலுக்குன்னு கெளம்பிடுவாங்க. ரெண்டு மூணு மாசம் முன்னாடி அவங்க பையன் சத்யநாராயணன் சாரும் மருமக சின்மயியும் அவங்களக் கடைக்குக் கூட்டிட்டு வந்தாங்க. பென்ஷன் அடையாள அட்டைக்குப் புது போட்டோ வேணும். அதே போட்டோவ வெச்சு இன்னொரு கார்டும் வேணும், பேரு, ஃபோன் நம்பர் எல்லாம் போட்டு, கழுத்துல மாட்டற மாதிரி. எங்கயாவது போயிட்டா யாராவது அதப் பாத்துட்டு ஃபோன் பண்ணுவாங்கன்னு.

டீச்சருக்கு இடது தாடைல மொளகு சைஸ்ல ஒரு மச்சம். இடது கண் இமை பாதி மூடியே இருக்கும். முன்பல்லு ரெண்டு இல்ல, வாய் உள்ள போயிருக்கும். தலை முழுக்க வெள்ளை. எடுத்ததும் ஸ்கிரீன்ல காட்டினேன். சத்யநாராயணன் சார் என் காதுகிட்ட வந்து மெதுவா சொன்னாரு.

"அம்மா ரொம்ப நோயாளி மாதிரி தெரியறா லோகநாதன். கொஞ்சம் பாக்கற மாதிரி பண்ண முடியுமா?"

அறுபதுல வெச்சேன். அவங்க நெலமைக்கு அது போதல. எண்பத்தஞ்சுக்கு இழுத்தேன். மச்சம் போச்சு, இமை எழுந்துச்சு, பல்லு வந்துச்சு, முடி பாதி கறுத்துச்சு.

"ஐயோ, ரிடையர்மென்ட் ஃபங்ஷன்ல பாத்த மாதிரியே இருக்கா அம்மா"ன்னு சின்மயி கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க.

டீச்சர் ஸ்கிரீன ரொம்ப நேரம் உத்துப் பாத்தாங்க. "யாருடா இது? லட்சணமா இருக்காளே"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான்.

அவ்ளோ நல்லா வந்ததால ஒரு காப்பி பெருசா போட்டு கடை வாசல் ஷோகேஸ்ல வெச்சேன். ஒரிஜினல அழிக்கல. நான் எதையும் அழிக்கறதில்ல.

போன மாசம் ஒரு செவ்வாக்கிழமை காலைல டீச்சரக் காணோம். சத்யநாராயணன் சார் பத்து மணிக்கு எனக்கு ஃபோன் பண்ணாரு. "அம்மா போட்டோ உங்க சிஸ்டத்துல இருக்கா? உடனே அனுப்புங்கோ, குரூப்ல போடணும்"னாரு. என்கிட்ட ரெண்டும் இருந்துச்சு, எடுத்ததும் பண்ணதும். எதுன்னு அவரு கேக்கல. கார்டுல இருக்கறத அனுப்பினேன். அதுவும் கொஞ்சம் மங்கலாத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, ஷார்ப் பண்ணிதான் அனுப்பினேன். நீங்க எல்லாரும் ஷேர் பண்ணீங்க. நானும் நாலு குரூப்ல பண்ணேன்.

வீட்டுல வேற போட்டோ இல்லையான்னு கேப்பீங்க. இருந்திருக்கும். ஆனா அவங்களே அதுக்குள்ள எல்லாத்துக்கும் இதத்தான் வெச்சுக்கிட்டாங்க. ஃபோன்ல, ஸ்டேட்டஸ்ல, ஃப்ரிட்ஜ் கதவுல. பாக்கப் பாக்க அதுதான் அம்மான்னு ஆயிடுச்சு.

மறுநாள் புதன்கிழமை. காலைல பதினோரு மணி இருக்கும், கடைல வேற யாரும் இல்ல. தீனா வந்து ஒரு கார்ட மேஜைல போட்டான்.

"அண்ணா, இது உன் கடைல போட்டதுதான? பின்னால உன் கடை பேரு கீது."

"ஆமா. ஏதுடா?"

"ஒரு கெய்வி கய்த்துல மாட்டிகினு சுத்திகினு கீது. இன்னா கேட்டாலும் ரெண்டால பெருக்குங்குது. கார்டுல பாத்தா யாரோ சோக்கா ஒரு டீச்சரம்மா. எங்கியோ பொறுக்கிகினு வந்துகீது. நம்பருக்கு அடிச்சேன், பிஸி பிஸின்னே வர்து. அதான் கார்ட வாங்கிகினு வந்துட்டேன். தொலச்சவங்க பாவம் தேடிகினு இருப்பாங்கோ."

"அந்தம்மா எங்க?"

"தோ, எதுத்தாப்ல மூடிக்கெடக்குற கடை படில குந்திகினு கீது. வெயில்ல இன்னா பேஜாரு பாரு."

"சரி, வெச்சுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்"னேன்.

தீனா நம்ம குரூப்ல இல்ல, டீச்சரக் காணோம்னே அவனுக்குத் தெரியாது. கார்டுல ஒரு முகம், எதிர்ல வேற முகம். நீங்களா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பீங்க. அவன் போனதும் நான் ஃபோன எடுத்தேன். சத்யநாராயணன் சார் நம்பர் வரைக்கும் வந்துட்டேன். அப்பதான் கொஞ்சம் நிதானமா யோசிச்சேன்.

அவரு வருவாரு, கட்டிப் புடிச்சு அழுவாரு, கூட்டிட்டுப் போவாரு. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா சாயங்காலம் கேப்பாரு, கார்டு கழுத்துலதான இருந்துச்சு, ஒரு நாள் முழுக்க ஏன் யாருமே ஃபோன் பண்ணலன்னு. தீனா சொல்வான். குரூப்ல யாராவது எழுதுவீங்க. அப்புறம் ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கார்ட எடுத்துக் கண்ணாடி முன்னாடி நின்னு பாப்பீங்க. இந்த ஏரியால நான் ஆயிரம் முகத்துக்கு மேல பண்ணியிருக்கேன். ஆயிரம் பேரோட நிம்மதி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒருத்தங்க, அவங்களுக்கும் நடக்கறது எதுவும் பெருசாத் தெரியாது. நியாயமா யோசிச்சுப் பாருங்க.

நான் யோசிச்சிட்டு இருக்கும்போதே டீச்சர் எழுந்து ரோட்டத் தாண்டி வந்துட்டாங்க. பைக்காரங்க எல்லாம் ஹாரன் அடிச்சாங்க. நேரா வந்து ஷோகேஸ் முன்னாடி நின்னாங்க. அவங்க போட்டோவையே பாத்துட்டு இருந்தாங்க. கால்ல செருப்பு இல்ல.

"இவங்க யாரு?"ன்னு கேட்டாங்க.

"தெரியலம்மா"ன்னேன்.

இந்த மொத்த விஷயத்துல நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான்.

பன்னும் டீயும் வாங்கிக் குடுத்தேன். பன்ன டீல தொட்டுத் தொட்டு முழுசாச் சாப்பிட்டாங்க. "ஸ்கூலுக்கு நேரமாச்சு"ன்னாங்க. "நான் ஏத்திவிடறேன் டீச்சர்"னேன். டீச்சர்னு கூப்பிட்டிருக்கக் கூடாது. சட்டுனு நிமிந்து பாத்து, "நீ எந்த பேட்ச்?"னு கேட்டாங்க. வெயிலா இருந்துச்சு, தொப்பிய மாட்டிக்கிட்டேன். கையப் புடிச்சு ஜங்ஷன் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போயி, பெரும்பாக்கம் போற ஷேர் ஆட்டோல ஓரமா காத்து வர்ற எடமாப் பாத்து உக்கார வெச்சேன்.

பெரும்பாக்கத்துல என் கஸ்டமர் யாரும் இல்ல. அங்க யாராவது பாத்து போலீஸ்ல சொல்வாங்க, போலீஸ் கைரேகைய வெச்சுக் கண்டுபுடிச்சிடும், ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்துடுவாங்க. போட்டோவப் பத்தின பேச்சே வராது. இதுதான் என் கணக்கு. கைரேகைய நான் ஒண்ணும் பண்ணல பாருங்க.

சனிக்கிழமை பெரும்பாக்கம் தாண்டி தண்ணி நிக்கற எடத்து ஓரமா ஒரு வயசான அம்மா எறந்து கெடந்தாங்க. வெயிலும் பட்டினியும்தான்னு டாக்டர் சொன்னாராம். காணாமப் போனவங்க லிஸ்ட்ல டீச்சர் போட்டோ இருந்துச்சு. பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, இவங்க அவங்க இல்லன்னு எழுதிட்டாங்க. கைரேகை வரைக்கும் யாரும் போகல. ஒம்போது நாள் யாரும் கேக்காத பொணமா மார்ச்சுவரில இருந்தாங்க. கடைசியில சத்யநாராயணன் சார் வீட்டு பீரோல டீச்சரோட பழைய எஸ்எஸ்எல்சி புக்கு கெடச்சுது. அதுல அங்க அடையாளம்னு ஒரு எடம் இருக்கும் இல்ல. 'இடது தாடையில் ஒரு மச்சம்' அப்படின்னு அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர் மையில எழுதியிருந்தாரு. அத வெச்சுதான் கண்டுபுடிச்சாங்க.

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு என்கிட்டதான் வந்தாங்க. இந்த எடத்துல ஒண்ணு சொல்லணும். நானாதான் அந்த ஒரிஜினல் போட்டோவ எடுத்துக் காட்டினேன். மச்சம், இமை, வெள்ளை முடி எல்லாம் அப்படியே. மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே. சத்யநாராயணன் சார் ஒரு நிமிஷம் பாத்தாரு. முகத்தத் திருப்பிக்கிட்டாரு.

"இது வேண்டாம். கார்டுல இருந்ததே போடுங்கோ. அதுதான் அம்மா."

பெத்த புள்ளயே அப்படிச் சொன்னாரு. அத யாரும் குரூப்ல எழுதல.

அதுக்கப்புறம்தான் இன்ஸ்பெக்டர் ஜெபராஜ் சார் கடைக்கு வந்தாரு. ஜங்ஷன்ல ஒரு கேமராவுல டீச்சர ஷேர் ஆட்டோல ஏத்திவிட்ட ஆள் பதிவாகியிருக்கான். தொப்பி, பாதி முகம், அதுவும் புள்ளி புள்ளியா. "இந்த ஏரியால நீங்கதான் நல்லா பண்றீங்கன்னு சொன்னாங்க. முகத்த மட்டும் கொஞ்சம் தெளிவா எடுத்துக் குடுங்க"ன்னாரு.

கூட வந்த போலீஸ்காரர், "சார், சட்டை இவரு சட்டை மாதிரியே இல்ல?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சோம்.

அவ்ளோ மோசமான படத்துல ஏஐக்கு சும்மா முகம் வராது. ரெஃபரன்ஸ்னு இன்னொரு தெளிவான போட்டோ குடுத்தா அத வெச்சு நல்லா பண்ணும். ஒரு போலீஸ் அதிகாரி நம்பி வந்து எதிர்ல நிக்கறாரு, வேலை சுத்தமா இருக்கணும். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் தீனா ஆட்டோ பேட்ஜ் புதுப்பிக்க போட்டோ எடுத்திருந்தான். அது ஸ்கிரீன் மேலயே இருந்துச்சு. அதக் குடுத்தேன். வேணும்னு தேடிப் போயி எடுக்கல, இது முக்கியம். கைக்குக் கிட்ட இருந்துச்சு. எண்பத்தஞ்சுல வெச்சேன்.

நல்லா வந்துச்சு. ஜெபராஜ் சார் கைய குடுத்து தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனாரு. நீங்க நாலு நாளா ஷேர் பண்றது அந்தப் படம்தான். கார்ட என் கடைல குடுத்துட்டேன்னு தீனா சொன்னாலும், படத்துல அவன் முகம் இருக்கும்போது ஸ்டேஷன்ல யாரு நம்புவாங்க?

நேத்து தீனாவோட அம்மா கிளியம்மா வந்தாங்க, மனு எழுதணும்னு. அந்தப் படத்த கசங்கக் கசங்கக் கைல வெச்சிருந்தாங்க.

"நல்லா பாரு சார். எம்புள்ளைக்கு மூக்கு மேல தயும்பு கீது. சின்னதுல கொயாயடில வுய்ந்து பேத்துகினான். இதுல தயும்பே இல்ல. அப்போ இது எம்புள்ள இல்ல. இத அப்டியே மனுல எய்து சார்."

அப்படியே டைப் பண்ணேன். அவங்க சொன்னது ரொம்ப சரி. தீனா பேட்ஜ் போட்டோலயே அந்தத் தழும்ப நான் எடுத்துட்டேன், அதனால இதுலயும் வரல. பிரிண்ட் எடுத்துக் குடுத்தப்ப என் ரெண்டு கையையும் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. "நல்ல மனுசன் சார் நீ"ன்னாங்க. அது உண்மையா இருக்கணும்னு எனக்குத் தோணுச்சு. அதான் எழுதறேன்.

டீச்சர ஆட்டோல ஏத்தி அனுப்பினது நான்தான். தீனா முகத்த அந்தப் படத்துல வெச்சதும் நான்தான். கார்டு என் மேஜை டிராயர்ல இருக்கு, ஒரிஜினல் போட்டோ எல்லாம் சிஸ்டத்துல பத்திரமா இருக்கு. நாளைக்குக் காலைல நானே ஸ்டேஷனுக்குப் போறேன். கோவமா இருக்கறவங்க தயவுசெஞ்சு கடைக் கண்ணாடிய ஒடைக்காதீங்க, உள்ள உங்க முகமும் இருக்கு.

ஒருத்தன் செஞ்சதுக்கு இன்னொருத்தன் மாட்டக் கூடாது. அதனால நான் யாருன்னு எல்லாருக்கும் சரியாத் தெரியணும்னு என் போட்டோவ கீழ போட்டிருக்கேன். இன்னிக்குக் காலைல எடுத்ததுதான். தூக்கம் இல்லாம முகம் கொஞ்சம் வாடியிருந்துச்சு, அத மட்டும் லேசா ஒரு டச் பண்ணியிருக்கேன்.