எண் கட்டாத பொருள்

சுவருக்குப் பூசும் வெள்ளையில் பதினோரு வகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கொஞ்சம் நீலம் ஓடுவது ஒன்று, கொஞ்சம் மஞ்சள் ஓடுவது ஒன்று, பகலில் ஒரு மாதிரி, விளக்கில் வேறு மாதிரி. மலாக்காவில் எங்கள் கலைக்கூடத்துச் சுவர்களுக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிக்க எனக்கே இரண்டு வருடம் ஆனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்காட்சி மாறும். பழையதை இறக்கி, ஆணித் துளைகளை அடைத்து, வெள்ளை பூசி, புதியதை மாட்டப் பத்து நாள் தருவார்கள். வருகிறவர்கள் போன கண்காட்சியின் ஒரு துளையைக்கூடப் பார்க்கக் கூடாது. பதினான்கு வருடத்தில் யாரும் பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் சார், தமிழிலேயே எழுதித் தரலாம் என்றீர்கள், நன்றி. அங்கமுத்து அண்ணன் எங்கள் பூச்சி மருந்தறையில் இறந்ததை உங்கள் முதல் அறிக்கையில் விபத்து என்று குறித்திருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். ஒரு பொருளில் தவறான சீட்டு ஒட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

போன கண்காட்சி ரப்பர் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றியது. எங்கள் கண்காட்சிப் பொறுப்பாளர் ஸுஹா நியாலாஸ் பக்கம் அலைந்து பால்வாளி, பால் பிடிக்கும் மங்கு, லயத்து வீட்டுக் கதவு என்று இரவல் வாங்கினார். சின்ன வயது, நல்ல பெண், காலில் சக்கரம். அங்கமுத்து அண்ணன் அங்கே ஒரு தோட்டத்துக் கோயிலின் தலைவர். தோட்டம் விற்றாகிவிட்டது. கோயிலையும் இடித்துவிட்டார்கள். ஜனங்கள் புக்கிட் காத்தில், அலோர் காஜா என்று சிதறிப்போனார்கள். மிஞ்சியது முனியாண்டி சாமியின் பாதக்குறடு ஒரு ஜோடி. ஒரு முழ நீளத்தில் மரம், மேலே இரும்பு ஆணிகள். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பழைய இடத்து ரோட்டோரம் கூடி, அதை வைத்துத்தான் படையல் போடுவார்கள். அவர்களுக்குச் சாமியே அதுதான்.

அதை அவர் மோட்டார் சைக்கிளில், மஞ்சள் துணியில் சுற்றி, தானே கொண்டுவந்தார். இரவல் வரும் எல்லாப் பொருளுக்கும் நாங்கள் ஓர் எண் அட்டை கட்டுவோம். கையில் நூலோடு நான் குனிந்தபோது அவர் தடுத்தார்.

"சாமி பாதத்துல நம்பர் கட்டக்கூடாது தம்பி. வேற எதுக்கு வேணும்னாலும் கட்டிக்குங்க."

"அட்டை இல்லேன்னா எப்படிண்ணே அடையாளம் தெரியும்?"

"நீங்களும் நம்ம ஆளுதானே. ஒங்களுக்குத் தெரியாதா லா?"

அவரே ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டுப் போனார். நான் நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். எழுதி வைத்திருக்கலாம். எழுதாமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

ஸுஹா மேடையில் அழகுக்காக அதே அளவில், அதேபோல் ஆணி வைத்து, இருபது ஜோடி போலிக் குறடுகள் செய்து சுற்றிலும் அடுக்கியிருந்தார். கண்காட்சியை இறக்கும்போது அட்டை இருப்பது பெட்டிக்கு, இல்லாதது குப்பைத் தோங்குக்கு. பதினான்கு வருடமாக அதுதான் வழக்கம். குறடுகளை நான்தான் வாரிப் போட்டேன். ஒரு கயிறு விரலில் தட்டுப்பட்டது நினைவிருக்கிறது. அதையும் அலங்காரம் என்றே நினைத்தேன். குப்பை லாரி அன்று மாலையே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மூன்றாம் நாள் பெட்டிகளைச் சரிபார்க்கும்போதுதான் உறைத்தது. ஒரு வார்த்தை ஸுஹாவிடம் சொல்லியிருந்தால் போதும் என்று நீங்கள் நினைப்பீர்கள். அடுத்த மாதம் கண்காட்சி மாட்டும் பிரிவின் தலைமைப் பொறுப்பு எனக்கு வரவிருந்தது. பதினான்கு வருடத்தில் ஒரு பொருளைத் தொலைக்காதவன் என்பதுதான் எனக்கிருந்த ஒரே பெயர். ஒரு ஜோடி மரக்கட்டைக்காக அது போக வேண்டுமா என்று யோசித்தேன். இப்போதும் எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது.

அண்ணன் மூன்று முறை வந்தார். மரப் பொருள்களில் வண்டு இருக்கும், மருந்து வைத்த பிறகுதான் தர முடியும் என்று சொன்னேன். அது பொய்யில்லை, திருப்பித் தருமுன் மரச்சாமான்களுக்கு மருந்து வைப்பதுண்டு. ஜன்னல் இல்லாத ஓர் அறையில் பெட்டிகளை அடுக்கி, கதவைப் பூட்டி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, நச்சு வாயுவைத் திறந்து மூன்று நாள் விடவேண்டும். அதற்கான லைசன்ஸ் என் பெயரில் இருக்கிறது. மூன்று முறையும் அவர் மழையில் நனைந்து வந்து, தலையாட்டிவிட்டு, நனைந்தே போனார்.

நான்காவது முறை வந்தது வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு. ஸுஹாவும் மற்றவர்களும் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போயிருந்தார்கள். மூன்று மணிவரை யாரும் வரமாட்டார்கள்.

"ஞாயித்துக்கிழமை படையல் தம்பி. பாதத்த நான் ஜோங்கர் தெரு பழைய சாமான் கடையில வித்துட்டேன்னு எங்க ஆளுங்களே பேசறாங்க. வீட்டுல மீனம்மா மூணு நாளா சரியா சாப்பிடல. இன்னிக்கி அந்த ஸுஹா பாப்பா வர்ற வரைக்கும் ஒக்காந்திருந்து கேட்டுட்டுத்தான் போவேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவங்க எதுக்குண்ணே? எல்லாம் மருந்தறையிலதான் இருக்கு. நீங்களே உள்ள வந்து பாத்து எடுத்துக்குங்க" என்றேன்.

முப்பத்தெட்டுப் பெட்டிகள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையும் வேண்டும் என்று ஹெல்மெட்டையும் கைப்பேசியையும் என்னிடம் கொடுத்தார். முதல் பெட்டியைத் திறக்குமுன் செருப்பைக் கழற்றி வெளியே வைத்தார். சாமி இருக்கும் இடமாம். நான் கதவைச் சாத்தித் தாழிட்டேன்.

டேப் ஒட்ட ஒன்பது நிமிடம் ஆகும். ஒன்பது நிமிடத்தில் ஒருவன் மனம் மாறலாம். நானும் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூலைகளில் சுருக்கம் விழாமல் ஒட்டினேன். அவர் மனைவி மீனம்மா அக்காவிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. கைப்பேசியை மேசையின் இரண்டாவது இழுப்பறையில் வைத்தேன், இப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஹெல்மெட்டையும் செருப்பையும் அவருடைய மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துவிட்டேன்.

பிறகு சாப்பிடப் போனேன். ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன். சனிக்கிழமை புதிய கண்காட்சி சொன்ன நேரத்துக்குத் திறந்தது. சுவர்கள் மாசுமறுவில்லாமல் இருந்தன என்று ஸுஹா எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். ஞாயிற்றுக்கிழமை மீனம்மா அக்கா கலைக்கூடத்து வாசலில் வந்து நின்றதாகக் காவலாளி சொன்னார். நான் விடுப்பில் இருந்தேன். திங்கட்கிழமை முறைப்படி காற்றை வெளியேற்றிவிட்டு நானே கதவைத் திறந்து, நானே உங்களுக்கு போன் செய்தேன். பாதிப் பெட்டிகளை அவர் திறந்து, பார்த்துவிட்டு, எதையும் கலைக்காமல் ஒழுங்காக மூடி வைத்திருந்தார்.

அவர் உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது என்று அன்று சொன்னேன். நீங்கள் படிவத்தைப் பார்த்து நம்பினீர்கள். அந்தப் படிவத்தைத்தான் இப்போது திருத்த வேண்டும்.

வாயுவைத் திறக்குமுன் கதவை மூன்று முறை தட்டி, உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று உரக்கக் கேட்டு, ஒரு நிமிடம் காத்திருந்து, வந்த பதிலைப் படிவத்தில் எழுத வேண்டும் என்பது விதி. எந்த விதியையும் நான் மீறியவன் இல்லை. தட்டினேன். கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் காத்திருந்தேன்.

"இங்கதான் இருக்கேன் தம்பி. பாதிதான் பாத்திருக்கேன், கொஞ்சம் பொறுங்க" என்றார் உள்ளிருந்து.

பதில் இல்லை என்று எழுதி, நேரம் குறித்து, கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரியைத் தவிர மற்றதெல்லாம் விதிப்படி சரியாகத்தான் செய்திருக்கிறேன்.