குறி போடாத பலகை

காப்பி நன்றாக இருக்கிறது, ஐயா. உங்கள் போலீஸ் நிலையத்துக் காப்பியைப் பற்றி ஊரில் சொல்வதெல்லாம் அபாண்டம். சர்க்கரைதான் கொஞ்சம் குறைவு.

ரூடி கூரையிலிருந்து விழுந்து செத்ததை விபத்து என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். பாவம், வெய்கோ கிழவனுக்குக் காது மந்தம், உளுத்த பலகையைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டான் என்று என்னைப் பற்றிச் சர்ச் வாசலில் பேசிக்கொள்கிறார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்று நீங்கள்கூட எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். எனக்கு அடி சறுக்கவில்லை.

இந்த ஊர் வீடுகள் தாமிரச் சுரங்கம் ஓடிய காலத்தில் கட்டியவை. கைமரத்தின் மேல் வெறும் பலகை, அதன்மேல் ஓடு மாதிரி அடுக்கி ஆணியடித்த ஷிங்கிள். பனி உருகிக் கசிந்து பலகை உள்ளுக்குள் உளுத்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் பழைய ஷிங்கிளை உரித்ததும், புதியதை அடிப்பதற்கு முன் ஒருவன் கூரை முழுவதையும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல பலகை கணீரென்று பேசும். கெட்டது தொண்டை கட்டியவன் மாதிரி முனகும். முனகுகிற பலகையில் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவோம். குறி இல்லாத பலகையில் கண்ணை மூடிக்கொண்டு கால் வைக்கலாம். இடுப்பில் கயிறுகூடக் கட்ட மாட்டோம், கட்டினால் தட்டியவனுக்கு அவமானம். எங்கள் கும்பலில் தட்டுகிறவன் நான். அத்தனை பேரும் என் காதின் மேல்தான் நடந்தார்கள்.

ரூடி என் மனைவியின் தம்பி. நல்ல வேலைக்காரன், அதை நான் மறுக்கவில்லை.

டிரெவாரோ அம்மாள் வீட்டில் வேலை. மத்தியானம் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து, கறி அடைத்த பாஸ்டி தின்றுகொண்டிருந்தோம். அந்த அம்மாளும் அங்கேதான் நின்றாள்.

"மாமா, இனிமே தட்டுற வேலைய நான் பாத்துக்கறேன். நீங்க கீழ நின்னு தகரம் வெட்டுங்க" என்றான் ரூடி.

"ஏன், என் கைக்கு என்ன வந்துச்சு?"

"கைக்கு ஒண்ணுமில்ல, காதுதான். போன வருஷத்துலேர்ந்து நீங்க தட்டிட்டு எறங்குனப்புறம் நானும் ஒருதரம் தட்டிப் பாக்கறேன். வீட்டுக்கு ரெண்டு மூணு விட்டுப்போவுது மாமா. மனசு நோவும்னுதான் சொல்லல."

"அதான பாத்தேன்!" என்றாள் அந்த அம்மாள். "காலையில காப்பி வேணுமான்னு கேட்டா, ஏணி வண்டியில இருக்குங்கறாரு."

ரூடியும் சிரித்தான். அன்பாகத்தான் சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வருஷமாக என் பின்னாலேயே வந்து, குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல என் வேலையைத் துடைத்திருக்கிறான்.

"இந்த வீட்ட நான் தட்டுறேன் மச்சான். எனக்கப்புறம் நீ தட்டக் கூடாது. வாக்குக் குடு" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். "சரி மாமா. உங்களுக்காக. தொட மாட்டேன்."

தொடவில்லை. சொன்ன சொல் தவறாதவன்.

நான் ஏறி நிதானமாகத் தட்டினேன். புகைபோக்கியை ஒட்டி ஒரு பலகை முனகியது. அதன்மேல் நின்றுதான் ரூடி புகைபோக்கியைச் சுற்றித் தண்ணீர் இறங்காமல் தகரம் பொருத்துவான். கூரை செங்குத்து, கீழே கருங்கல் சுவர். மற்ற கெட்ட பலகைகளுக்கெல்லாம் குறி போட்டேன், அதற்குப் போடவில்லை. மறதியில் அல்ல, வேண்டுமென்றே போடவில்லை. நீங்களே சொல்லுங்கள், அத்தனை பலகையில் சரியாக அந்த ஒன்றைப் பொறுக்கி எடுக்கச் செவிடனால் ஆகுமா?

பிறகு முகட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். டிரெவாரோ அம்மாள் அந்தப் பக்கத்து ஏணியில் ஏறி வந்து என் காலைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பினேன். ரூடி விழும்போது "மாமா, மாமா" என்று தெருவே கேட்கக் கத்தினானாம். அது அவளுடைய கற்பனை. கத்தியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

நான் வருந்தவில்லை. என் மனைவி என் முகத்தில் விழிப்பதில்லை, அது அவள் விருப்பம். நாளைக்கே சிறையில் போடுங்கள், போகிறேன். காது போனவன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

நீங்கள் காட்டுகிற படத்தைப் பார்த்தேன். புகைபோக்கிப் பலகை முழுசாக இருக்கிறது. அவன் அதுவரை போகவே இல்லை என்கிறீர்கள். ஏணியிலிருந்து கூரைக்கு மாறி வைத்த முதல் காலிலேயே, கூரை விளிம்பில், நான் நல்லது என்று விட்ட பலகை முறிந்திருக்கிறது என்கிறீர்கள். இருக்க முடியாது. அந்தப் பலகையை நான் இரண்டு முறை தட்டினேன், கோயில் மணி மாதிரிப் பேசியது. கொலை என்றே எழுதுங்கள், ஐயா. எழுதிவிட்டு, படம் எடுத்தவரைக் கூப்பிடுங்கள். வேறு யார் வீட்டுக் கூரையையோ எடுத்து வந்திருக்கிறார்.